நான்கு தனியறைகள்: ‘டாக்ஸி டிரைவர்’ படத்தின் முன்னும் பின்னும்

1981ஆம் ஆண்டின் ஆஸ்கார் விருது விழா மார்ச் 30ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. அன்று பிற்பகல் 2.27 மணிக்கு, வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டலின் வாசலில் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் சுடப்பட்டார். அவர் பதவியேற்று எழுபது நாட்கள்கூட ஆகியிருக்கவில்லை. விழா ஒரு நாள் தள்ளிவைக்கப்பட்டது. மறுநாள் இரவு, ‘ரேஜிங் புல்’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான விருதை ராபர்ட் டி நீரோ பெற்றுக்கொண்டார். அப்படத்தை இயக்கியவர் மார்ட்டின் ஸ்கார்செஸி. திரைக்கதை எழுதிய இருவரில் ஒருவர் பால் ஷ்ரேடர். இந்த மூவரும் ஐந்தாண்டுகளுக்கு முன் முதன்முதலாகச் சேர்ந்து உருவாக்கிய படம் ‘டாக்ஸி டிரைவர்’. முதல் நாள் அதிபரைச் சுட்டவன், அந்தப் படத்தைச் சுமார் பதினைந்து முறை பார்த்தவன். அதில் சிறுமியாக நடித்த ஜோடி ஃபாஸ்டரின் கவனத்தைப் பெறுவதற்காகவே சுட்டவன்.

திரைப்பட வரலாற்றில் இதைப்போன்ற ஒரு வட்டம் வேறு இருக்கிறதா என்று நமக்குத் தெரியவில்லை. ஏனெனில் இது படத்திலிருந்து வாழ்வுக்குச் சென்ற ஒரு கோடு மட்டுமன்று. படம் எடுக்கப்படுவதற்கு முன்பே வேறொரு தனியன், வேறொரு அரசியல்வாதியைச் சுட்டிருந்தான். அந்தச் செய்தி உலவிய காற்றில்தான் திரைக்கதை எழுதப்பட்டது. வாழ்விலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து வாழ்வுக்குமாக ஒரே நோய் பயணம் செய்திருக்கிறது. அந்தப் பயணத்தின் வழியில் நான்கு தனியறைகளை நாம் காண்கிறோம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ‘டாக்ஸி டிரைவர்’ தனிமையைப் பற்றி உண்மையில் என்ன சொல்கிறது என்ற கேள்விக்கு வருவோம்.

முதல் அறை: மில்வாக்கி

ஆர்தர் பிரெமர் 1950இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பிறந்தவன். உணவகத்தில் எச்சில் தட்டுகளை எடுப்பது, பள்ளியொன்றைத் துப்புரவு செய்வது என்று சிறு வேலைகள் பார்த்துக்கொண்டு, தனியே ஓர் அறையில் வாழ்ந்தான். அவனைவிட இளைய பெண்ணொருத்தியுடன் ஏற்பட்ட சில வாரப் பழக்கம் 1972 ஜனவரியில் முறிந்தது. அவன் தலையை மழித்துக்கொண்டு அவள் முன் போய் நின்றான். அவள் திரும்பிவரவில்லை. அதற்குப் பிறகு அவன் ஒரு நாட்குறிப்பு எழுதத் தொடங்கினான். துப்பாக்கி ஏற்கனவே கையில் இருந்தது.

அந்த நாட்குறிப்பில் அரசியல் அநேகமாக இல்லை என்பதுதான் அதை வாசித்தவர்களைத் திகைக்க வைத்தது. பிரெமர் முதலில் கொல்ல விரும்பியது அதிபர் ரிச்சர்ட் நிக்சனை. 1972 ஏப்ரலில் அவரைப் பின்தொடர்ந்து கனடாவின் ஒட்டாவா நகர்வரை சென்றான். காவல் கடுமையாக இருந்ததால் நெருங்க முடியவில்லை. ஆகவே, எளிதில் அணுகக்கூடிய வேறொருவரைத் தேர்ந்தெடுத்தான். அவர் அலபாமா மாநில ஆளுநர் ஜார்ஜ் வாலஸ். அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தவர். இனப் பிரிவினைக் கொள்கையால் பெயர்பெற்றவர். அந்தக் கொள்கைக்காக அவரைச் சுடுவதற்குக் காரணமுள்ளவர்கள் நாட்டில் பலர் இருந்திருப்பார்கள். பிரெமர் அவர்களில் ஒருவனல்லன். நிக்சன் கிடைக்காததால் வாலஸ், அவ்வளவே.

வாலஸின் கூட்டங்களில் அவன் அவரது ஆதரவாளனைப் போலச் சட்டையில் பிரசாரச் சின்னம் குத்திக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியுடன், சிரித்தபடி கைதட்டிக்கொண்டு நின்றான். 1972 மே 15 அன்று மேரிலாந்து மாநிலத்தின் லாரல் என்னும் ஊரில், ஒரு வணிக வளாகத்தின் முன் கூட்டம் முடிந்து வாலஸ் மக்களிடம் கைகுலுக்க வந்தபோது சுட்டான். வாலஸ் உயிர் பிழைத்தார். இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, 1998இல் இறக்கும்வரை சக்கர நாற்காலியில் வாழ்ந்தார். பிரெமரின் நாட்குறிப்பு 1973இல் புத்தகமாகவே வெளிவந்தது.

இரண்டாவது அறை: ஒரு கார்

அதே 1972ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பால் ஷ்ரேடருக்கு அறையே இல்லை. மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில், கண்டிப்பான கால்வினிசக் கிறித்தவக் குடும்பத்தில் 1946இல் பிறந்தவர் அவர். அவர் வளர்ந்த சூழலில் திரைப்படம் பாவம். பதினேழு வயதை எட்டியபின்தான் முதல் படத்தைப் பார்த்தார். பிறகு திரைப்படம் படித்து, விமர்சகராகி, ஓஸு, ப்ரெஸ்ஸான், ட்ரையர் ஆகிய மூவரைப் பற்றி இன்றும் வாசிக்கப்படும் ஓர் ஆய்வு நூலை எழுதினார். அந்நூல் வெளியான ஆண்டும் 1972தான். ஆனால் அவ்வேளையில் அவரது மணவாழ்வு முறிந்திருந்தது. அதன்பின் அமைந்த உறவும் நிலைக்கவில்லை. காரிலேயே வாழ்ந்து, இரவெல்லாம் நகரைச் சுற்றி, குடித்து, விடியவிடியத் திறந்திருக்கும் ஆபாசப்படக் கொட்டகைகளில் பொழுதைக் கழித்தார். கடைசியில் வயிற்றுப் புண் முற்றி மருத்துவமனைக்குப் போனார். அங்கே செவிலியிடம் பேசும்போதுதான், தான் பல வாரங்களாக எவரிடமும் பேசவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

ஷ்ரேடர் இதைப் பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். படுக்கையில் கிடந்தபோது அவருக்கு ஓர் உருவகம் கிடைத்தது: வாடகைக்கார். நகரின் சாக்கடையில் மிதக்கும் ஓர் இரும்புப் பெட்டி. அதனுள் அடைபட்டிருப்பவனைச் சுற்றி எந்நேரமும் மனிதர்கள். ஆயினும் அவன் தனியன். வெளியே வந்ததும் சுமார் பத்து நாட்களில் திரைக்கதையை எழுதி முடித்தார். துப்பாக்கியின் மீது ஈர்ப்பும் தற்கொலை எண்ணமும் அந்நாட்களில் தன்னிடம் இருந்ததை அவர் மறைத்ததில்லை. அந்த மனிதனாகத் தான் மாறிவிடாமல் இருக்கவே அவனை எழுதியதாகச் சொல்வார்.

பிரெமரின் நாட்குறிப்பைத் தழுவியே ‘டாக்ஸி டிரைவர்’ எழுதப்பட்டது என்று பலரும் எழுதுகிறார்கள். அது முழுச் சரியன்று. வாலஸ் சுடப்பட்ட செய்தி ஷ்ரேடருக்குத் தெரியும். ஆனால் முதல் வரைவு 1972க்கு உரியது, நாட்குறிப்பு நூலோ அடுத்த ஆண்டுதான் வந்தது. வாசிக்காமலேயே இவ்வளவு ஒற்றுமை அமைந்தது என்பதுதான் நம்மை யோசிக்க வைக்கிறது. மில்வாக்கியின் எச்சில் தட்டெடுப்பவனும் ப்ரெஸ்ஸானைப் பற்றி நூல் எழுதிய விமர்சகரும் ஒரே கோடைக்கு முன்னும் பின்னும் ஒரே கிணற்றுக்குள் விழுந்திருந்தார்கள். ஒருவன் சுட்டான். ஒருவர் எழுதினார்.

ஷ்ரேடருக்கு இலக்கியம் கைகொடுத்தது. எழுதத் தொடங்குமுன் அவர் சார்த்தரின் ‘குமட்டல்’ நாவலை மீண்டும் வாசித்தார். தாஸ்தாயெவ்ஸ்கியின் நிலவறை மனிதனும், காம்யுவின் அந்நியனும், ப்ரெஸ்ஸானின் ‘பிக்பாக்கெட்’ படத்து மிஷேலும் அவருக்கு முன் இருந்தார்கள். தாமஸ் உல்ஃபின் ‘கடவுளின் தனிமனிதன்’ என்ற கட்டுரையின் தலைப்பு படத்தின் நாயகன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் பெயராகவே ஆயிற்று. இந்த மனிதர்கள் தமிழ் இலக்கிய வாசகர்களுக்கும் அந்நியரல்லர். ‘அந்நியன்’ 1980இல் வெ. ஸ்ரீராமின் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாக வந்தது. அதற்கு முன்பிருந்தே இருத்தலியல், அந்நியமாதல் என்ற சொற்கள் நம் சிற்றிதழ்ப் பக்கங்களில் புழங்கின. தனியனை நாம் மரியாதையுடன் வாசித்துப் பழகியவர்கள். அந்த மரியாதைதான் இக்கட்டுரையின் முடிவில் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் ஆகும்.

ஷ்ரேடர் ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டிருந்தார். ஐரோப்பிய நாவலின் தனியன், ‘நான் ஏன் இருக்க வேண்டும்’ என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். அமெரிக்காவின் டிராவிஸுக்கும் அதே கேள்விதான். ஆனால் அது தன்னைப் பற்றிய கேள்வி என்று அறியும் அளவுக்கு அவனுக்குப் படிப்போ மொழியோ இல்லை. ஆகவே கேள்வி வெளியே திரும்பி, எதிரில் நிற்பவரைக் குறிபார்க்கத் தொடங்கிவிடுகிறது.

மூன்றாவது அறை: நியூயார்க்

திரைக்கதை சில ஆண்டுகள் கைமாறிக்கொண்டிருந்தது. இயக்குநர் பிரையன் டி பால்மா வழியாக அது தயாரிப்பாளர்களான மைக்கேல், ஜூலியா ஃபிலிப்ஸ் தம்பதியிடம் சேர்ந்தது. 1973இல் ஸ்கார்செஸி ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’ எடுத்தார். ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்துக்காக டி நீரோவுக்கு ஆஸ்கார் கிடைத்தது. அதன்பிறகே கொலம்பியா நிறுவனம் துணிந்தது. செலவு இருபது லட்சம் டாலருக்குள் முடிந்தது. படப்பிடிப்புக்கு முன் டி நீரோ வாடகைக்கார் ஓட்டும் உரிமம் பெற்று, நியூயார்க்கின் தெருக்களில் உண்மையாகவே கார் ஓட்டினார்.

படப்பிடிப்பு நடந்தது 1975ஆம் ஆண்டின் கோடையில். அந்தக் கோடையைப் படத்தின் இன்னொரு பாத்திரம் எனலாம். நியூயார்க் மாநகராட்சி அப்போது திவாலாகும் விளிம்பில் நின்றது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை நீக்கப்பட்டனர். ஜூலைத் தொடக்கத்தில் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் தெருவெங்கும் குப்பை மலையாயிற்று. அக்டோபரில் நகரைக் காப்பாற்றக் கூட்டரசு பணம் தராது என்று அதிபர் ஃபோர்டு அறிவித்தார். டிராவிஸ் தன் காரின் கண்ணாடி வழியே பார்க்கும் ஆவி கக்கும் சாலைகள், நியான் விளக்குகள், டைம்ஸ் சதுக்கத்தின் விபசாரம் ஆகியவற்றுக்கு அரங்க அமைப்பு அதிகம் தேவைப்படவில்லை. இந்தக் குப்பையையெல்லாம் ஒருநாள் மழை வந்து கழுவ வேண்டுமென்று அவன் ஏங்கும்போது, மனிதர்களையும் சேர்த்தே சொல்கிறான் என்பதைப் பார்வையாளர் மெல்லத்தான் உணர்கிறார்.

கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். டிராவிஸ் பிக்கிள் இருபத்தாறு வயதினன். கடற்படைக் காலாட்படையிலிருந்து விடுபட்டவன். தூக்கம் வராததால் இரவில் வாடகைக்கார் ஓட்டுகிறான். செனட்டர் பாலன்டைனின் தேர்தல் அலுவலகத்தில் வேலை செய்யும் பெட்சியைத் தூரத்திலிருந்தே பார்த்துத் தேவதையாக்கிக்கொள்கிறான். அவளை ஆபாசப்படத்துக்கு அழைத்துச் செல்கிறான், அவள் வெளியேறுகிறாள். அவன் துப்பாக்கிகள் வாங்குகிறான், உடலைப் பயிற்றுகிறான், தலையை நடுவில் ஒரு பட்டை மட்டும் விட்டு மழித்துக்கொள்கிறான். செனட்டரைக் கொல்லச் சென்று தோற்றோடுகிறான். அன்றிரவே, பன்னிரண்டு வயதுப் பாலியல் தொழிலாளியான ஐரிஸ் இருக்கும் விடுதிக்குச் சென்று, அவளை வைத்துப் பிழைக்கும் ஸ்போர்ட்டையும் வேறு இருவரையும் சுட்டுக் கொல்கிறான்.

இதில் நாம் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று.

முதலாவது, தொலைபேசிக் காட்சி. விலகிப்போன பெட்சியுடன் டிராவிஸ் ஒரு கட்டடத்தின் உட்புறப் பொதுத் தொலைபேசியில் பேசுகிறான். மறுமுனையின் குரல் நமக்குக் கேட்பதில்லை. அவன் கெஞ்சக் கெஞ்ச, கேமரா மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, ஆளற்ற நீண்ட நடைக்கூடத்தில் நிலைகொள்கிறது. அவன் குரல் மட்டும் தொடர்கிறது. ஒரு மனிதனின் அவமானத்தைக் காணச் சகியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நண்பனைப் போல இயங்குகிறது கேமரா. படத்தின் மிக முக்கியமான ஷாட் இதுவென்று ஸ்கார்செஸி கருதினார். படம் முழுவதும் டிராவிஸின் கண்களாலேயே உலகைக் காணும் நாம், இந்த ஓர் இடத்தில் அவனைவிட்டு விலகுகிறோம். அவனுக்கு இந்த விலகல் சாத்தியமில்லை. தன்னைத் தான் வெளியிலிருந்து பார்க்க முடியாமையே அவனது நோய்.

இரண்டாவது, கண்ணாடிக் காட்சி. திரைக்கதையில் அவன் கண்ணாடியைப் பார்த்துப் பேசுகிறான் என்று மட்டுமே இருந்தது. பேச்சு டி நீரோ அந்த நேரத்தில் உருவாக்கியது. உலகெங்கும் இளைஞர்கள் வேடிக்கையாகத் திருப்பிச் சொல்லும் வசனமாக அது ஆகிவிட்டது. ஆனால் காட்சியை அமைதியாகப் பாருங்கள். தன்னிடம் பேச ஒருவன்கூட இல்லாதவன், தன்னை அவமதிக்கவேனும் ஒருவன் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்கிறான். எதிரியும் ஒரு துணைதானே.

மூன்றாவது, முடிவு. கொலைகளுக்குப் பின் தன்னையும் சுட்டுக்கொள்ள முயல்கிறான் டிராவிஸ், குண்டு தீர்ந்துவிட்டது. கேமரா கூரையின் உயரத்திலிருந்து ரத்தத்தின் மீது நகர்ந்து செல்கிறது. இடிக்கப்படவிருந்த கட்டடமாகையால் உண்மையாகவே கூரையை அறுத்து எடுத்த ஷாட் அது. அடுத்துச் சுவரில் ஒட்டப்பட்ட செய்தித்தாள் நறுக்குகள். சிறுமியைக் காத்த வீரன் என்று அவனைப் புகழ்கின்றன. ஐரிஸின் பெற்றோரின் நன்றிக் கடிதம் பின்னணியில் ஒலிக்கிறது. சில மணி நேரம் முன்பு அவன் செனட்டரைச் சுட்டிருந்தால் அதே நாளேடுகள் அவனைப் பிரெமரின் பக்கத்தில் வைத்திருக்கும். அதே மனிதன், அதே துப்பாக்கி, அதே வெறி. குறி மட்டுமே மாறியது. வன்முறையாளன் என்றும் வீரன் என்றும் ஒரு சமூகம் எவ்வளவு தற்செயலாகப் பட்டம் சூட்டுகிறது என்பதை 1976லேயே இப்படம் சொல்லிவிட்டது.

படம் முழுமையாக நேர்மையானது என்றும் நாம் சொல்லவில்லை. ஷ்ரேடரின் மூலத் திரைக்கதையில் ஸ்போர்ட் கறுப்பினத்தவன். டிராவிஸின் வெறியில் இனவெறுப்பு கலந்திருந்ததை மறைக்காத எழுத்து அது. திரையரங்குகளில் கலவரம் வரலாம் என்ற அச்சத்தால் அப்பாத்திரம் வெள்ளையனாக்கப்பட்டு ஹார்வி கைட்டெலிடம் சென்றது. இனவெறுப்பு இப்போது டிராவிஸின் பார்வைகளில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கூர்ந்து நோக்குபவருக்கே தெரியும்.

இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் ‘சைக்கோ’, ‘வெர்ட்டிகோ’ ஆகிய ஹிட்ச்காக் படங்களால் புகழ்பெற்றவர். முதலில் இப்படத்தை ஏற்கத் தயங்கினார். டிராவிஸ் தன் காலை உணவான கார்ன்ஃப்ளேக்ஸில் பீச் பிராந்தியை ஊற்றித் தின்னும் இடத்தைத் திரைக்கதையில் படித்ததும் ஒப்புக்கொண்டார் என்று ஸ்கார்செஸி சொல்வதுண்டு. சாக்ஸபோனின் ஏக்கமும் முரசின் அச்சுறுத்தலும் மாறிமாறி வரும் அவ்விசைப் பதிவை முடித்த அன்றிரவே, 1975 டிசம்பர் 24 அன்று, அவர் உறக்கத்தில் இறந்தார்.

படம் 1976 பிப்ரவரி 8 அன்று நியூயார்க்கில் வெளியாயிற்று. இறுதித் துப்பாக்கிச் சூட்டுக்குத் தணிக்கையில் ‘எக்ஸ்’ சான்று வரும் என்ற நிலையில், அக்காட்சியின் நிறத்தை மங்கச்செய்து ‘ஆர்’ சான்று பெற்றார் ஸ்கார்செஸி. மேயில் கான் விழாவின் தங்கப் பனை கிடைத்தது. நடுவர் குழுத் தலைவராக இருந்த நாடக ஆசிரியர் டென்னஸி வில்லியம்ஸ், படங்களில் பெருகிவரும் வன்முறை குறித்துத் தம் வருத்தத்தை வெளிப்படையாகவே தெரிவித்தார். நான்கு ஆஸ்கார் பரிந்துரைகளில் ஒன்றும் விருதாகவில்லை. சிறந்த படத்துக்கான விருது ‘ராக்கி’க்குப் போயிற்று.

நான்காவது அறை

ஜான் ஹிங்க்ளி 1955இல் ஓக்லஹோமாவில் பிறந்து, டெக்ஸாஸில் வளர்ந்தவன். தந்தை எண்ணெய்த் தொழிலில் செல்வம் சேர்த்தவர். பல்கலைக்கழகப் படிப்பை விட்டுவிட்டு, பாடலாசிரியனாகும் கனவோடு 1976இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனான். யாரும் அவன் பாடல்களைக் கேட்கவில்லை. அங்கேதான் ‘டாக்ஸி டிரைவர்’ பார்த்தான். மீண்டும் மீண்டும் பார்த்தான். தனக்கொரு காதலி கிடைத்திருப்பதாகப் பெற்றோருக்குக் கடிதங்கள் எழுதினான். அப்படி ஒருத்தி இல்லை. பெட்சியின் சாயலில் அவன் புனைந்த பெண் அவள். டிராவிஸைப் போல ராணுவ மேற்சட்டை அணிந்தான், நாட்குறிப்பு எழுதினான், துப்பாக்கிகள் சேர்த்தான். பீச் பிராந்தி குடித்தான். ஹெர்மனைப் படத்துக்குள் இழுத்த அதே சிறு விவரம்தான். ஒரு கலைஞருக்கு அது பாத்திரத்தின் பித்தைத் திறந்துகாட்டிய சாவி. ஹிங்க்ளிக்கு அது உடுத்திக்கொள்ள ஓர் ஆடை.

1980 இலையுதிர்காலத்தில் பதினேழு வயதான ஜோடி ஃபாஸ்டர் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஹிங்க்ளி அவ்வூருக்குச் சென்றான். அறைக்கதவின் கீழ் கடிதங்களும் கவிதைகளும் இட்டான், தொலைபேசியில் அழைத்தான். அவர் மரியாதையாக மறுத்தார். பின்பு அவன் அதிபர் கார்ட்டரைப் பின்தொடர்ந்தான். அக்டோபரில் நாஷ்வில் விமான நிலையத்தில் பெட்டியில் கைத்துப்பாக்கிகளுடன் பிடிபட்டான். சிறு அபராதத்தோடு விடுவிக்கப்பட்டான். நிக்சன் கிடைக்காமல் வாலஸைச் சுட்ட பிரெமரைப் போலவே, இவனுக்கும் கார்ட்டரா ரீகனா என்பது பொருட்டாக இல்லை.

1981 மார்ச் 30 அன்று விடுதி அறையில் ஃபாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதிவைத்தான். தான் செய்யப்போவது அவர் பொருட்டே என்றது கடிதம். பிறகு ஹில்டன் வாசலில் இரண்டு விநாடிக்குள் ஆறு முறை சுட்டான். கார்மீது பட்டுத் தெறித்த குண்டு ரீகனின் மார்பில் பாய்ந்தது. பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடியின் தலையில் ஒரு குண்டு. பாதுகாவலர் ஒருவரும் காவலர் ஒருவரும் காயமுற்றனர்.

1982இல் நடந்த வழக்கில் நீதிமன்ற அறையிலேயே ‘டாக்ஸி டிரைவர்’ ஜூரிகளுக்குத் திரையிடப்பட்டது. ஃபாஸ்டரின் சாட்சியம் ஒளிநாடாவில் காட்டப்பட்டது. குற்றவாளியோடு உங்களுக்கு என்ன உறவு என்ற கேள்விக்கு, எந்த உறவும் இல்லை என்றார் அவர். அதைக் கேட்டதும் ஹிங்க்ளி எழுந்து வெளியேறினான். சுட்ட காட்சி தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதைப் பார்த்தபோதுகூட அவன் இப்படிக் குலைந்ததாகத் தெரியவில்லை. அந்த ஒற்றைப் பதில்தான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

ஜூன் 21 அன்று, மனநோயின் காரணமாகக் குற்றவாளியல்லன் என்ற தீர்ப்பு வந்தது. நாடு கொதித்தது. உண்மையில் அக்காலச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவர் சித்தம் தெளிந்தவர் என்பதை ஐயத்துக்கிடமின்றி நிறுவ வேண்டிய பொறுப்பு அரசுத் தரப்பினுடையது. அது அநேகமாக இயலாத காரியம். 1984இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அந்தப் பொறுப்பைக் குற்றம் சாட்டப்பட்டவர் மீது மாற்றியது. பிரேடி தம்பதியரின் நெடிய போராட்டத்தின் விளைவாக, கைத்துப்பாக்கி வாங்குவோரின் பின்னணியைச் சரிபார்க்கும் சட்டம் 1993இல் வந்தது. ஒரு மனிதனின் பித்து ஒரு நாட்டின் சட்டப் புத்தகத்தை இரண்டு இடங்களில் திருத்தி எழுதியது.

பிரெமர் 35 ஆண்டுகள் சிறையிலிருந்து 2007இல் வெளிவந்தான். பிரேடி 2014இல் இறந்தார். 33 ஆண்டுகளுக்கு முந்தைய குண்டே மரணத்துக்குக் காரணம் என்று மருத்துவ அறிக்கை கூறியது. ஹிங்க்ளி 2016இல் மருத்துவமனையிலிருந்து விடப்பட்டு, 2022 ஜூனில் எல்லா நிபந்தனைகளிலிருந்தும் விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது அறுபத்தேழு.

ஐந்தாவதாக ஓர் அறை

படம் குற்றவாளியா என்ற கேள்வி அன்றும் எழுந்தது, 2019இல் ‘ஜோக்கர்’ வந்தபோதும் எழுந்தது. ‘டாக்ஸி டிரைவர்’ படத்தை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், ஹிங்க்ளி ஒருவன்தான். இந்தப் படம் வருவதற்கு முன்பே பிரெமர் அதைச் செய்திருந்தான். ஆகவே படத்தின் மீது பழி போடுவது எளிதாயினும் அது சரியான விடையாகாது. ஆனால் அதோடு கையைக் கழுவிவிடவும் நம்மால் முடியவில்லை. டிராவிஸை வெளியிலிருந்து பார்க்கச் சொல்லும் இடங்கள் படத்தில் இருக்கின்றன. அவற்றைத் தவறவிடுவதும் எளிதாகவே இருக்கிறது. கேமரா வெறும் நடைக்கூடத்தைக் காட்டிய இடத்தை ஹிங்க்ளி பதினைந்து முறையும் கடந்து சென்றிருப்பான். கண்ணாடிக் காட்சியில் மட்டும் நின்றிருப்பான்.

தனிமை எவரையும் கொலைகாரராக்குவதில்லை. ஷ்ரேடரின் தனிமை பிரெமருடையதைவிடக் குறைந்ததென்று சொல்ல ஆதாரமில்லை. வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. தன் தனிமைக்கு இன்னொருவர் கடன்பட்டிருக்கிறார், அந்தக் கடனை வசூலிக்கத் தனக்கு உரிமை உண்டு என்று ஒருவன் எண்ணத் தொடங்கும் கணத்தில்தான் ஏக்கம் வெறியாகிறது. டிராவிஸ் பெட்சியிடம் அன்பைக் கேட்கவில்லை. தனக்குச் சேரவேண்டியதை அவள் தர மறுத்துவிட்டதாகவே நினைக்கிறான். அவள் அலுவலகத்துக்குள் நுழைந்து அவன் கத்துவது அதனால்தான். கடன்காரரின் இடத்தில் எப்போதும் ஒரு பெண் நிறுத்தப்படுகிறாள் என்பதையும் கவனிக்க வேண்டும்: மில்வாக்கியின் அந்தப் பெயரற்ற இளம்பெண், பெட்சி, ஐரிஸ், ஃபாஸ்டர்.

நான்கு ஆண்களின் அறைகளைப் பற்றி இவ்வளவு எழுதினோம். ஐந்தாவதாக ஓர் அறை உண்டு. அது யேல் மாணவர் விடுதியில் இருந்தது. அங்கிருந்த பதினெட்டு வயதுப் பெண், தான் சந்திக்க விரும்பாத ஒருவனின் கனவில் நாயகியாக்கப்பட்டு, உலகின் நிருபர்கள் அனைவராலும் சூழப்பட்டார். அப்போது அவர் ஒரு கல்லூரி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தார், அதை நிறுத்தவில்லை. அவரைக் கொல்லும் எண்ணத்தோடு இன்னொருவன் அந்த நாடகத்துக்கு வந்து அமர்ந்திருந்தான். அந்த ஏப்ரலில் அவன் நியூயார்க்கில் கைதானான். 1982 டிசம்பரில் ‘எஸ்கொயர்’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார் ஃபாஸ்டர். அதற்குப் பின் பல்லாண்டுகள் அதுபற்றிப் பேச மறுத்தார். பேட்டிகளில் அக்கேள்வி எழுந்தால் எழுந்து சென்றுவிடுவார் என்பது பத்திரிகையாளர் அறிந்த செய்தி. ‘தி அக்யூஸ்ட்’, ‘தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்’ ஆகிய இரு படங்களுக்கு ஆஸ்கார் பெற்றார். இரண்டிலும் ஆண்களின் பார்வைக்கு இலக்கான பெண், திரும்பி அவர்களை நோக்குகிறாள்.

நாங்கள் இப்படத்தை முதன்முதலில் பார்த்த வயதில் டிராவிஸை மட்டுமே பார்த்தோம். அவனது துக்கத்தை எங்கள் துக்கமாக்கிக்கொண்டோம். இலக்கியம் கற்றுத்தந்த மரியாதை அது. தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் இப்போது பார்க்கும்போது கண் வேறிடத்தில் நிற்கிறது. இறுதிக் காட்சியில் டிராவிஸின் காரில் பெட்சி ஏறுகிறாள். அவள் முகம் பின்னோக்குக் கண்ணாடியில் மட்டுமே தெரிகிறது. அவன் பார்க்கும் அளவுக்கே நாமும் பார்க்கிறோம். அவள் இறங்கிச் சென்ற பிறகு, அவன் ஏதோ கண்டு திடுக்கிட்டவனாய்க் கண்ணாடியைச் சட்டென்று திருப்புகிறான். அடுத்த இரவுக்கான சாலை திறக்கிறது. மீண்டும் பார்க்க வாய்க்கும் நண்பர்கள், அந்தக் கண்ணாடிக்கு வெளியே, நடைபாதையில் ஏறித் தன் வீட்டுக்கதவை நோக்கிச் செல்லும் பெட்சியையும் சற்றுத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.